ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுவிட்டால்: பொறுமை எப்போது, மருத்துவர் எப்போது?

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வீடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு நாள் வருகிறது. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். அதுவரை இறங்கிக்கொண்டே வந்த எடை திடீரென்று ஒரே எண்ணில் நின்றுவிடும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; ஒரு வாரம், பத்து நாள் கூட அசையாது. உள்ளே போவதோ வடிகட்டிய சூப்பும் மோரும்தான். "இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று அவர் மனதுக்குள் நொறுங்கிப் போவார். "இத்தனை லட்சம் செலவு செய்தும் இவ்வளவுதானா?" என்று உறவில் யாராவது கேட்டும் விடுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்தானது. சிலர் சாப்பாட்டை இன்னும் குறைக்கிறார்கள். சிலர் வெட்கப்பட்டு மருத்துவரைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அத்தோடு வைட்டமின் மாத்திரையும் நின்றுபோகிறது. இதனால் வரும் பாதிப்பு, எடை நின்றதால் வரும் பாதிப்பைவிடப் பெரியது.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். எடை நிற்பது ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளம் அல்ல. ஆனால் எல்லாத் தேக்கமும் ஒன்றல்ல. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பொறுமையாக இருப்பதா, சாப்பாட்டைத் திருத்துவதா, மருத்துவரிடம் போவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

நம் பகுதியில் இது ஏன் பேசப்பட வேண்டும்?

வெள்ளகோவில், முத்தூர், காங்கயம் வட்டாரத்தில் விசைத்தறி, நூற்பாலை, எண்ணெய் ஆலை என்று பலருக்கும் பிழைப்பு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய் வருபவர்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ செய்யும் வேலைகள். ஷிப்ட் மாறினால் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் மாறும். இடையில் டீயும் போண்டாவும் தவறாது.

2019-21 இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 40 சதவீதம் பேரும், ஆண்களில் சுமார் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று அவதிப்பட்டு, கடைசியில் கோவைக்கோ சென்னைக்கோ போய் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆபரேஷன் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய சாப்பாடுதான் வாழ்நாள் முழுவதும் தொடர்வது. அது நடப்பது நம் வீட்டு அடுப்படியில்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு.

ஒன்று, ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான். அதனால் வயிறு சிறிதாவதோடு பசியும் குறைகிறது.

மற்றொன்று, பைபாஸ். இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு குடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறது. இவர்கள் இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

இரண்டுமே உடலுக்குக் கருவி கொடுக்கின்றனவே தவிர, எடை குறையும் வேகத்தை நிரந்தரமாக்கிவிடுவதில்லை. எடை மூன்று கட்டங்களில் நிற்கும்.

முதல் தேக்கம்: மூன்றாவது வாரத்தை ஒட்டி

இது கொழுப்பின் கணக்கு அல்ல, தண்ணீரின் கணக்கு. நம் ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சுமார் அரை கிலோ வரை இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் உணவு மிகவும் குறைவதால், உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. முதல் இரண்டு வாரம் எடை மளமளவென்று இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிறகு உணவு சிறிது கூடும்போது அந்தச் சேமிப்பு ஓரளவு நிரம்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்த தண்ணீர் அதை மறைத்துவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் இது தானாகவே சரியாகும்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது பொறுமையாக இருப்பது மட்டுமே. எடை பார்ப்பதை வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சு டேப்பால் இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எடை நின்ற வாரத்திலும் இடுப்பளவு குறைந்திருப்பதைப் பலர் பார்க்கிறார்கள். மாதவிடாய் நாட்களிலும், மலச்சிக்கல் இருக்கும்போதும் எடை ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டலாம்.

இரண்டாவது தேக்கம்: மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

இங்கே காரணம் வேறு. உடல் சிறிதாகிவிட்டது, சிறிய உடலுக்குச் செலவும் சிறிது. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரத்தின்படி, எடை ஒரு கிலோ குறைந்தால் ஓய்வு நிலையில் உடல் செலவழிக்கும் ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 10 கலோரி குறைகிறது. 120 கிலோவிலிருந்து 90 கிலோவுக்கு வந்தவருக்கு, படுத்தே இருந்தாலும், தினமும் 300 கலோரி செலவு குறைந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்து 2016 இல் முடிவை வெளியிட்டது. அவர்களுடைய உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி உடல் இறுக்கிப் பிடிக்கிறது.

அப்படியானால் இன்னும் குறைத்துச் சாப்பிடலாமே என்று தோன்றும். அது தவறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45 இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 தன்னார்வலர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவு மட்டும் கொடுத்து ஆராய்ந்தார். உடலின் ஆற்றல் செலவு சரிந்தது, குளிர் தாங்கவில்லை, சோர்வும் எரிச்சலும் வந்தன, தசை கரைந்தது, நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. பலருக்கு உடலில் நீர் கோத்துக்கொண்டதால், எடை குறைவது வெளியே தெரியவும் இல்லை. பட்டினியால் தேக்கத்தை உடைக்க முயல்வது இதே பாதையில்தான் கொண்டுபோய் விடும்.

ஆகவே இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது சாப்பாட்டின் அளவைவிட, அதில் என்ன இருக்கிறது என்பதை.

புரதம் முதலில், சோறு கடைசியில்

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உங்களுக்கான அளவை உங்கள் உணவு ஆலோசகர் சொல்வார். புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், தசை கரைந்தால் உடலின் செலவு இன்னும் குறையும், தேக்கம் நீளும்.

நம் வீட்டு உணவுகளில் புரதம் தோராயமாக இப்படி இருக்கிறது:

- ஒரு முட்டை: 6 கிராம்
- சமைத்த கோழிக்கறி 100 கிராம்: 25 கிராம்
- சமைத்த மீன் 100 கிராம்: 20 கிராம்
- பன்னீர் 100 கிராம்: 18 கிராம்
- வேகவைத்த சுண்டல் 100 கிராம்: 8 கிராம்
- பால் ஒரு டம்ளர் (200 மில்லி): 6 கிராம்
- தயிர் 100 கிராம்: 3 முதல் 4 கிராம்
- சோறு 100 கிராம்: 2 முதல் 3 கிராம்

வயிற்றில் இடமே கொஞ்சம்தான். அதைச் சோற்றால் நிரப்பினால் புரதத்துக்கு இடமில்லை. எனவே தட்டில் முதலில் கறி, மீன், முட்டை அல்லது பருப்பு, பிறகு காய், கடைசியில் இரண்டு மூன்று கரண்டி சோறு.

வழக்கமான உணவுக்குத் திரும்பிய ஒருவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் இரண்டு முட்டை, அரை தோசை. பதினொரு மணிக்குச் சர்க்கரை இல்லாத பால் ஒரு டம்ளர். மதியம் 75 கிராம் கோழி, ஒரு காய், கொஞ்சம் சோறு. மாலையில் சிறு கிண்ணம் சுண்டல். இரவு 75 கிராம் மீன், ஒரு இட்லி, சிறிது தயிர். இதிலேயே புரதம் 60 கிராமைத் தொட்டுவிடும். நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் முருங்கைக்கீரையை, வயிறு பழகிய பிறகு, பருப்போடு குழைய வேகவைத்துச் சேர்க்கலாம்.

சாப்பிடும் முறையும் முக்கியம். நன்றாக மென்று, ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இனி உதவாது. நெஞ்சில் அழுத்தம், விக்கல், மூக்கில் நீர் வருதல் போன்றவை 'போதும்' என்று வயிறு சொல்லும் அடையாளங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மிடறு மிடறாக, நாள் முழுவதும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும்.

எடை எங்கிருந்து திரும்பி வருகிறது?

சிறிய வயிறு கறியையும் காயையும்தான் தடுக்கும். திரவமும், வாயில் கரையும் பண்டமும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஷிப்டில் ஒருவர் ஆறு டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 60 கிராம் சர்க்கரை. சர்க்கரையிலிருந்து மட்டுமே 240 கலோரி, பால் தனி. மேலே சொன்ன 300 கலோரிச் சரிவோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எடை ஏன் நிற்கிறது என்று புரியும்.

டீயில் நனைத்த வர்க்கி, பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம், ஜூஸ், ரோஸ் மில்க் எல்லாம் இதே வகைதான். சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் சுமார் 120 கலோரி கூடுகிறது. "கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் நாளில் பத்து முறை நடந்திருக்கும். ஒரு வாரம் வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மற்றவர் குறை காண்பதற்காக அல்ல, நீங்களே தெரிந்துகொள்வதற்காக.

நாள் முழுவதும் தறியருகே நிற்பதை உடற்பயிற்சி என்று கணக்கில் எடுக்க முடியாது. தினமும் அரை மணி நேர நடையும், வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தேக்கம்: ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

இது தேக்கமல்ல, உடல் புதிய எடையில் அமர்வது. சுவீடனில் 1987 இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஒன்று முதல் இரண்டு ஆண்டில் சராசரியாகத் தம் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, குறைந்ததில் ஒரு பகுதி திரும்பி வருவது இயல்பு, பெரும்பகுதி திரும்பவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவும் இருந்தது.

எனவே 120 கிலோவில் இருந்தவர் 85 கிலோவில் நின்றால் "60 கிலோ ஆகவில்லையே" என்று வருந்த வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை குறைந்ததா, இரத்த அழுத்தம் இறங்கியதா, இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்பவைதான் சரியான கேள்விகள்.

குறைந்த எடை பெருமளவு திரும்பி ஏறுகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கும் வழிகள் உள்ளன. செமாகுளூட்டைட், டிர்செபடைட் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் சிலருக்குப் பரிந்துரைக்கிறார்கள். 2025 இல் இவற்றின் எடை குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து பலரும் இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜிம்மிலோ தெரிந்தவர் மூலமோ வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது.

நோன்பும் விருந்தும்

ஆபரேஷன் ஆன முதல் ரமளானில் நோன்பு வைக்கலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் தவறாமல் எழும். பொதுவாக முதல் ஓராண்டு வரையேனும் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். காரணம் எளிது. மஃரிபுக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரத்தில், தூங்கும் நேரமும் போக, 60 கிராம் புரதத்தையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் தனித்தனியாக அந்தச் சிறிய வயிற்றுக்குள் அனுப்ப முடியாது. நோயாளிகள் நோன்பைப் பிற்படுத்தும் சலுகையைக் குர்ஆன் (2:185) தெளிவாகவே வழங்கியிருக்கிறது. எடை நின்றுவிட்டதே என்பதற்காக, நோன்பை எடை குறைக்கும் வழியாக எண்ணி மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவது சரியல்ல.

மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு நம் வழக்கமே ஓர் உதவி. இரண்டு மிடறு தண்ணீரும் ஒரு பேரீச்சம்பழமும் கொண்டு நோன்பு திறந்துவிட்டு, தொழுதுவிட்டு வந்து சாப்பிட அமருங்கள். தேவையான இடைவெளி கிடைத்துவிடும். பைபாஸ் செய்தவர்களுக்குப் பாதிப் பேரீச்சம்பழமே போதும். நோன்புக் கஞ்சி பெரும்பாலும் அரிசிதான். அதில் சிறுபருப்பையும் கொத்துக்கறியையும் கூட்டிச் செய்தால் அது நல்ல உணவு. சமோசாவும் வடையும் சர்பத்தும்தான் எடையை ஏற்றுபவை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அளவை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

விருந்தில் பிரியாணி சாப்பிடவே கூடாது என்பதில்லை. கறித்துண்டை முதலில் சாப்பிட்டு, சோற்றை நான்கு கவளத்தோடு நிறுத்தலாம். "எங்கள் வீட்டில் ஒரு பிடிகூடச் சாப்பிடவில்லையே" என்று வற்புறுத்தாமல் இருப்பது விருந்து வைப்பவர்களின் கடமை.

மாத்திரையை விட்டுவிடக் கூடாது

எடை இறங்கினாலும் நின்றாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது. கேப்சூல் உறையில் உள்ள ஜெலட்டின் பற்றி ஐயம் இருந்தால், மாத்திரை அல்லது சிரப் வடிவம் கேட்டு வாங்குங்கள். அதற்காக மருந்தையே விட்டுவிடாதீர்கள்.

மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கு வரும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மீண்டும் வளரும். உடல்வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் ஆபத்து. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு வயிற்றில் புண் வரலாம்.

எடை குறைந்ததும் பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் மருமகளிடம் "விசேஷம் இல்லையா?" என்று கேட்காமல் இருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை

- இரண்டு மூன்று நாளாக நிற்காத வாந்தி, தண்ணீர்கூட உள்ளே தங்காத நிலை
- நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், குழப்பமான பேச்சு. இது பி1 வைட்டமின் குறைவின் அவசர அடையாளம். சில மணி நேரம் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம்
- காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வேகமான இதயத்துடிப்பு, கறுப்பாக மலம் போதல்
- சர்க்கரை தாழ்ந்து மயக்கம், நடுக்கம்
- கை கால் மரத்துப்போதல், மிகுந்த சோர்வு
- முதல் ஆறு மாதத்துக்குள் எடை நான்கைந்து வாரத்துக்கு மேல் அசையாமல் இருத்தல், அல்லது எப்போதாயினும் தொடர்ந்து ஏறுதல்
- சாப்பாட்டைக் கண்டாலே அச்சம், ஒளிந்து சாப்பிடுதல், எதிலும் பிடிப்பின்மை

கோவைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மைதான். முதல் ஆண்டில் மருத்துவர் சொன்ன தவணைகளில் இரத்தப் பரிசோதனையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் என்பதைச் செலவுக் கணக்கில் ஆபரேஷனோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

ஆபரேஷன் ஒருவருக்கு நடந்தாலும் அடுப்பு எல்லோருக்கும் பொதுவானது. எண்ணெயைக் குறைத்து, டீயில் சர்க்கரையைக் குறைத்து, மாலை மிக்சருக்குப் பதில் சுண்டல் வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. வாரம் ஒருமுறை எடை பார்க்கும் நாளில் "எத்தனை கிலோ?" என்று கேட்பதைவிட, "இன்று மாத்திரை போட்டாயா, முட்டை சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். எடை நின்றுபோன வாரத்தில் அவருக்குத் தேவைப்படுவது இந்தக் கேள்விதான்.